நாற்றத்தின் வம்சாவளி

கபடி ஆடும் இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்கிற எந்தச் சிறுவனுக்கும் ஒரு ஜெர்மானியச் சொல் தெரியும். கோட்டுக்கு வெளியே கால் வைத்தவனைப் பார்த்து 'ஃபவுல், ஃபவுல்' என்று கத்துகிறானே, அந்தச் சொல்தான். கால்பந்திலும் அதுவே. ஆங்கிலம் ஓர் எழுத்துகூடப் படிக்காதவருக்கும் அதன் பொருள் விளங்கும்: விதியை மீறிய ஆட்டம், தப்பாட்டம். ஆனால் சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே சொல்லின் மூதாதைக்கு ஆட்டத்தோடும் விதியோடும் எந்த உறவும் கிடையாது. அழுகிப்போனதிலிருந்து கிளம்பி மூக்கைத் துளைக்கிற வாடை. அவ்வளவுதான் அதன் பொருள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வாரா வாரம் பக்கங்களைப் பெயர்த்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி இடறுகிற சொற்களின் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அப்படி வாய்த்த சொல் இது. 'ஃபவுல்' என்பதையும் அதன் உடன்பிறப்பான 'ஃபில்த்' என்பதையும் எத்தனை முறை தமிழாக்கியிருப்பேனோ கணக்கில்லை. அழுக்கு, அசிங்கம், அசுத்தம், மலம், கழிவு, குப்பை, மாசு, சாக்கடை, ஆபாசம், நாற்றம் என்று இடத்துக்கு ஒன்றாக எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தேவைப்படுகிறது என்றால், அந்தச் சொல் எங்கெங்கோ அலைந்து திரிந்துவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

வடக்கு ஐரோப்பாவின் மொழிகள் பிரிந்து தனித்தனியாகப் போவதற்கு முன்பிருந்த பொதுவான பேச்சில் இந்தச் சொல் 'ஃபூலஸ்' என்பதுபோல ஒலித்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்களின் முடிவு. அந்தக் காலத்து ஏடு எதுவும் கிடையாது; பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பாட்டனின் முகத்தை வரைவதுபோல, பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் அது. ஆகவே அத்தகைய சொற்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுவார்கள். 'கண்ணால் பார்த்ததில்லை' என்று பொருள்.

கண்ணால் பார்க்கக் கிடைக்கிற பழைய சாட்சி காதிக் மொழியில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், டான்யூப் நதிக் கரையில் வாழ்ந்த காத் இன மக்களுக்காக பைபிளைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தார். அந்த மொழிக்கு அதற்கேற்ற எழுத்து இல்லாததால் எழுத்தையும் அவரே வகுத்துக்கொண்டார். நமக்கெல்லாம் பெரிய முன்னோடி! யோவான் நற்செய்தியில் லாசரு இறந்து நான்கு நாள் ஆனபிறகு கல்லறையைத் திறக்கச் சொல்லும் கட்டம் வருகிறது. இறந்தவனின் சகோதரி மார்த்தா தயங்குகிறாள்: இந்நேரம் நாற்றமடிக்குமே என்கிறாள். அந்த இடத்தில் வுல்ஃபிலா வைத்த சொல் 'ஃபுல்ஸ்'. ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்ட அந்தப் பைபிளின் ஆறாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று, 1669 முதல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இன்று கபடிக் களத்தில் கேட்கிற கூச்சலின் மூத்த பிறப்புச் சான்றிதழ் அதுதான்.

மார்த்தா சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவள் தன் தம்பியை இழிவுபடுத்தவில்லை. உடம்புக்கு நேர்வதைச் சொல்கிறாள். பழமானாலும் பிணமானாலும் நாலு நாளில் அழுகும்; அழுகினால் நாறும். சொல் பிறந்தபோது அதில் வசை இல்லை, மூக்குதான் இருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். 'நாற்றம்' நமக்கு ஒருகாலத்தில் நறுமணம். வெறும் மணம் என்ற நடுநிலைப் பொருளும் அதற்கு உண்டு. ஐம்புலன்களை வரிசைப்படுத்துகிற திருக்குறள், மூக்கின் புலனுக்கு நாற்றம் என்ற பெயரையே தருகிறது. பூவும் நாறியது, புகையும் நாறியது. பிற்பாடு 'வாசனை' வந்து நல்லதை எடுத்துக்கொண்டது. கெட்டது மட்டும் நாற்றத்தின் பங்காகத் தங்கிவிட்டது. அதோடு விட்டோமா? 'நாறப் பயல்' என்று அதை மனிதன் மேலும் ஏற்றினோம். ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. துர்நாற்றத்தைக் குறிக்கிற 'ஸ்டென்ச்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் பூவின் மணத்துக்கும் பொதுவாக இருந்தது. ஒன்றுக்கொன்று முகம் பார்த்திராத இரண்டு மொழிகள் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன.

ஜெர்மானியச் சொல்லுக்கு இந்தியாவில் ரத்த உறவே உண்டு. தமிழோடு அல்ல, சமஸ்கிருதத்தோடு. நாம் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாகோப், 1822இல் ஓர் ஒலி மாற்ற விதியை விரிவாக எடுத்துரைத்தார். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் ஆகியவற்றில் 'ப' என்று தொடங்குகிற பழஞ்சொற்கள் ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' என்று தொடங்கும். பிதா அங்கே 'ஃபாதர்', பாதம் 'ஃபுட்', பஞ்ச என்ற ஐந்து ஜெர்மனில் 'ஃபூன்ஃப்'. இதே வழியில் 'ஃபூல்' என்பதைப் பின்னோக்கி நடத்திச் சென்றால் சமஸ்கிருதத்தில் துர்நாற்றம் என்று பொருள்படும் 'பூதி' எதிரே வந்து நிற்கிறது. சீழைக் குறிக்கும் 'பூய' அதன் தங்கை. லத்தீனில் சீழுக்குப் 'பூஸ்'. ஆங்கில மருத்துவர் 'பஸ்' என்று சொல்வது அதைத்தான். கிரேக்கத்தில் சீழ் 'பியோன்'. பல்பொடி விளம்பரங்களில் ஈறு வீங்கிய வாயின் படத்துக்குக் கீழே 'பயோரியா' என்று போட்டு நம்மைப் பயமுறுத்தினார்களே, அந்தச் சொல்லின் முதல் பாதி இந்தப் பியோன். ஆகக் கபடிக் களமும் குளியலறை அலமாரியும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம்.

ஆங்கிலத்துக்குள் போனபோது சொல்லுக்கு வளமான வாழ்க்கை கிடைத்தது. 'லாங்' என்ற பெயரடையிலிருந்து 'லெங்த்' வருவதுபோல, 'ஃபவுல்' என்பதிலிருந்து 'ஃபில்த்' பிறந்தது. நம் 'மை' விகுதிபோல அங்கே ஒரு விகுதி. அது சேரும்போது முன்னால் உள்ள உயிரொலியையும் திருகிவிடுகிறது. ஆகவேதான் அம்மாவும் பிள்ளையும் முகச்சாயலில் இவ்வளவு வேறுபடுகிறார்கள். தூய்மையைக் கெடுத்தல் என்று பொருள்தரும் 'டிஃபைல்' என்பதிலும் இதன் கலப்பு உண்டு. காலால் மிதித்தல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் ஒன்றும், நாறச்செய்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையும் உருகி ஒன்றானது அது. மிதித்தலும் நாறடித்தலும் ஒரே வினையில்!

அழகுக்கும் ஒழுங்குக்கும் 'ஃபேர்' என்றால், அதற்கு நேர் எதிர் 'ஃபவுல்'. இந்த ஜோடி எங்கள் தொழிலுக்கும் வந்தது. நாடக ஆசிரியர் அடித்தும் திருத்தியும் எழுதிய முதல் பிரதியைப் பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் 'ஃபவுல் பேப்பர்ஸ்' என்றார்கள். படியெடுத்துச் சுத்தமாக எழுதியது 'ஃபேர் காப்பி'. இந்த இரண்டாவது சொல் நம் பள்ளிக்கூடங்களில் 'ஃபேர் நோட்டு' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது.

அச்சுக்கூடத்தில் இன்னொன்று உண்டு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், ஓர் எழுத்துக்குரிய சிற்றறையில் வேறோர் எழுத்து விழுந்து கலந்துவிட்டால் அந்தப் பெட்டியை ஆங்கிலேயத் தொழிலாளிகள் 'ஃபவுல் கேஸ்' என்றார்கள். என் தந்தை அச்சுக்கோப்பவராக இருந்தவர். ளகரத்தின் அறையில் ழகரம் கிடந்தால் அவருக்கு வரும் கோபம் நினைவிருக்கிறது. "கேஸைக் கலக்கி வச்சிருக்கான்பா, இனி இதைப் பொறுக்கி எடுக்கவே அரைநாள் போயிடும்" என்பார். அந்த ழகரத்தில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து அறையில் இருந்திருந்தால் அது நல்ல எழுத்து. இங்கே இருப்பதால் குப்பை. அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்ற பழைய விளக்கத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில் எடுத்து விரித்தார். அச்சுக்கோப்பவர்களுக்கு அது விரல் நுனியில் தெரிந்த விஷயம்.

கடலிலும் இதே பார்வைதான். சங்கிலி சுற்றிச் சிக்கிக்கொண்ட நங்கூரம் 'ஃபவுல்'. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்வது 'ஃபவுலிங்'. ஒட்டினால் வேகம் குறையும், எரிபொருள் கூடும். எனவே ஒட்டவிடாத வண்ணப்பூச்சுக்கென்றே ஒரு பெரிய தொழில் நடக்கிறது. கடல்நீரைக் குளிர்விப்புக்கு இழுக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் குழாய்ப் பாதைகளில் பச்சை மட்டி குடியேறுவது நீண்டகால ஆராய்ச்சிப் பொருள். சந்தையில் வைத்தால் அந்த மட்டி உணவு. குழாய்க்குள் வந்தால் 'ஃபவுலிங்'.

யாருடைய மூக்கு, யாருடைய கண் பெயர் வைக்கிறது என்பதற்கு வட அட்லாண்டிக்கில் ஒரு பறவை சாட்சி. அதன் பெயர் ஃபுல்மர். பழைய நார்ஸ் மொழியில் 'ஃபூல்' என்றால் நாறுகிற, 'மார்' என்றால் கடற்காகம். கூட்டை நெருங்குகிறவர்கள்மேல் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயைப் பீய்ச்சித் துப்புவதால் அந்தப் பெயர். ஆனால் ஸ்காட்லாந்துக்கு மேற்கே தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுகளில் அந்த நாறும் பறவைதான் மக்களின் பிழைப்பு. செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கி அதைப் பிடித்தார்கள். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்கில் எரிந்தது, இறகு வாடகைக்கு ஈடாகப் போயிற்று. 1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் தீவைவிட்டுக் கப்பலேறினார்கள். கடலோடி வைத்த பெயர் அகராதியில் நிலைத்தது. பறவையைத் தின்று வாழ்ந்தவர்களின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பறவைக்கே இந்தக் கதி என்றால் மனிதருக்கு? இங்கேதான் இந்த வம்சாவளியில் என்னை நிறுத்திவைக்கிற கிளைகள் வருகின்றன.

ஜெர்மனில் இதே சொல் 'ஃபௌல்'. அழுகிய ஆப்பிளுக்கும் முட்டைக்கும் இதுதான். ஆனால் அதே மூச்சில் சோம்பேறிக்கும் இதுதான். வீட்டுப்பாடம் செய்யாத பையன் 'ஃபௌல்'. அவனைச் செல்லமாகத் திட்டுகிற 'ஃபௌல்பெல்ஸ்' என்ற சொல்லைப் பிரித்தால் 'அழுகல் தோல்'. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் அசமந்த விலங்கு 'ஃபௌல்டீர்', அதாவது சோம்பேறி விலங்கு. ஒரே இடத்தில் கிடக்கிற பொருள் கெட்டுப்போகும். எனவே ஒரே இடத்தில் கிடக்கிற மனிதனும் கெட்டவன். இப்படித்தான் அந்தத் தாவல் நடந்திருக்க வேண்டும்.

ஸ்வீடனுக்குப் போனால் 'ஃபுல்' என்றால் அழகில்லாத. ஆண்டர்சன் டேனிஷ் மொழியில் 1843இல் எழுதிய அவலட்சண வாத்துக்குஞ்சின் கதைக்கு ஸ்வீடிஷ் தலைப்பில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அழுகலிலிருந்து அவலட்சணத்துக்கு வந்தாகிவிட்டது. நார்வேயில் 'ஃபுல்' என்றால் தந்திரக்காரன், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவன். ஐஸ்லாந்தில் 'ஃபூல்ல்' என்றால் அழுகல் மட்டுமல்ல, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவனும்தான். டச்சுக்காரர்கள் ஓரளவு அடக்கமானவர்கள். அவர்களது 'வெய்ல்' பெரும்பாலும் குப்பையோடும் அழுக்குத் துணியோடும் நின்றுகொண்டது.

ஒரே தாயின் பிள்ளைகள்: சோம்பேறி, அவலட்சணம், தந்திரக்காரன், சிடுமூஞ்சி. தாய்க்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. பொருளுக்கு நேர்வதைச் சொல்லவந்த சொல் மனிதரின் குணத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. அழுகல் என்பது ஒரு நிகழ்ச்சி; எதற்கும் நேரலாம், யாருக்கும் நேரும். குணம் அப்படியல்ல. ஒருவன்மேல் ஒட்டவைத்துவிட்டால் கழுவினாலும் போகாது.

வெளிநாட்டுக்காரனைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நகராட்சித் தொட்டிகளில் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று எழுதியிருக்கிறது. பக்கத்துப் பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெயர் 'மக்கு'. இரண்டும் ஒரே ஒலியில் நம் காதில் விழுகின்றன, நாமும் கேட்டுக்கொண்டே கடந்து போகிறோம்.

ஐரோப்பாவில் சோம்பேறியையும் சிடுமூஞ்சியையும் தொட்ட சொல், ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்து சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குடும்பத்தின் இரண்டு உறுப்பினர்கள் இடம்பிடித்தார்கள். வழிபாட்டிடத்தைக் களங்கப்படுத்துவது பற்றிய 295ஆம் பிரிவில் 'டிஃபைல்'. பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் கெடுப்பது பற்றிய 277ஆம் பிரிவில் 'ஃபவுல்'. பின்னதற்கு மூன்று மாதம்வரை சிறை அல்லது 500 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 298, 279 என்று எண் மாறி இரண்டும் தொடர்கின்றன.

சட்டத்தில் சொல் இப்படி உட்கார்ந்திருக்க, ஊரில் அது வேறுமாதிரி வேலை செய்தது. 1924இல் மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதார் எனப்பட்டவர்களுக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளிலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். திரும்பும் வழியில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு ஊர்க்காரர்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த குடங்களைக் குளத்தில் கொட்டிச் சுத்திகரிப்பு நடத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். தாகத்துக்குக் குடித்தவர்கள் தண்ணீரைக் கெடுத்தவர்கள். அதில் சாணத்தைக் கரைத்தவர்கள் சுத்தம் செய்தவர்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 1937இல்தான் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது.

1989இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்தக் கணக்கு திருப்பிப் போடப்பட்டது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது, அந்தச் சமூகங்களைச் சேராதவர் செய்தால், குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறைக்குரிய குற்றம். அங்கேயும் ஆங்கில வாசகத்தில் 1860இன் அதே வினைச்சொல் நிற்கிறது: 'ஃபவுல்'.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. செய்தது யார் என்பது வழக்கின் பாடு. அந்தச் சமயத்தில் இந்தச் சட்ட வாசகம் அடங்கிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. அந்த ஒரு வினைச்சொல்லில் வண்டி நின்றது. மூத்த ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தீட்டுப்படுத்துதல்னு போடுங்க, ஜனங்களுக்குச் சட்டுனு புரியும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவ்வளவு பழகிய சொல் அது.

"சார், தீட்டுன்னு போட்டா அது யாரோட கணக்கு? மகாட்ல குளத்துக்குத் தீட்டுப் பட்டதுன்னு சொன்னவங்க கணக்குதானே? இந்தச் சட்டம் அதுக்கு எதிரா வந்தது" என்றேன்.

"அப்ப அசுத்தப்படுத்துதல்?"

"அது பொருந்தும் சார். அதுல சாதி இல்லை. தண்ணி கெட்டுச்சு, ஒருத்தர் கெடுத்தார், அவ்வளவுதான்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, அப்படியே போகட்டும்" என்றார். அச்சில் அப்படியே போயிற்று. வாசகர் யாரும் அந்தச் சொல்லில் ஒரு நொடிகூட நின்றிருக்கமாட்டார். நிற்கவும் வேண்டாம்.

எம்.ஏ. வகுப்பில் இலக்கணம் நடத்திய பேராசிரியர்கள் எழுவாயைத் தேடு, பயனிலையைத் தேடு என்று எங்களை வாட்டி எடுத்தார்கள். பத்திரிகை மேசையில்தான் அதன் அருமை தெரிந்தது. 'ஃபவுல்' பெயரடையாக நின்றால் அது ஒரு மனிதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்: அவன் நாறுகிறவன், அவள் அசிங்கமானவள். அதற்குக் காரணமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வினையாக நின்றால் உடனே ஓர் எழுவாய் தேவைப்படும். கெடுத்தது யார்? எதை? எப்போது? யார் என்று தெரியாதவரை 'கெடுக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதுவது நேர்மை. தெரிந்தபிறகும் அப்படியே எழுதுவது ஒளிப்பு. 1860இன் சட்டமும் 1989இன் சட்டமும் சொல்லை வினையாக வைத்தன. ஊர் வழக்கம் அதைப் பெயரடையாக வைத்திருந்தது. சண்டை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்.

இந்தச் சண்டையில் உயிர்கள் போகிற இடம் ஒன்றும் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் மனிதர் இறங்குவதைப் பற்றிய கட்டுரைகளை இத்தனை ஆண்டுகளில் நிறைய மொழிபெயர்த்துவிட்டேன். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் வந்த விரிவான சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையில் இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை மும்மடங்கானது என்பதற்கு, அதைக் கொடுக்கவேண்டிய சாவுகள் நிற்கவில்லை என்பது மறுபக்கம்.

அந்தக் குழிகளில் கொல்கிற வாயுக்களில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டையின் வாடை அதனுடையது. காதிக் மொழி 'ஃபுல்ஸ்' என்று சொன்ன அதே அழுகல்தான். கொஞ்சமாக இருக்கும்போது அது நாறும். அளவு கூடினால் முதலில் மோப்ப நரம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். உள்ளே இறங்கியவருக்கு வாடை நின்றுபோனதுபோலத் தோன்றும். ஆபத்து விலகிவிட்டது என்று நினைப்பார். அதற்கடுத்துச் சில மூச்சுகள்தான். மனித இனத்துக்கு எச்சரிக்கை சொல்ல ஏற்பட்ட மூக்கு, மிக அவசியமான நேரத்தில் அணைந்துபோகிறது. மேலே நிற்பவர்களின் மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது. கைக்குட்டையால் அதைப் பொத்திக்கொண்டு, குழியின் நாற்றத்தைக் குழியில் இறங்கியவரின் குணமாகக் கணக்கெழுதுகிறார்கள்.

ஜெர்மனியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயரமான மூடிய கலங்கள் உண்டு. பாட்ராப் நகரில் அவை பிரம்மாண்டமான முட்டைகளைப்போல நிற்கின்றன. காற்றுப் புகாத அவற்றுக்குள் கழிவுச் சேறு அழுகி எரிவாயு தருகிறது. அந்தக் கலத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'ஃபௌல்டூர்ம்', அழுகல் கோபுரம். சோம்பேறிப் பையனைத் திட்டிக்கொண்டிருந்த சொல் அங்கே தன் பழைய வேலைக்குத் திரும்பியிருக்கிறது. பொருளுக்கு நேர்வதைச் சொல்கிறது, வேறு யாரையும் சொல்லவில்லை. சென்னையிலும் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இதே முறையில் எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரித்திருக்கிறார்கள். அதாவது நாற்றத்தை என்ன செய்வது என்பது நமக்குத் தெரியும். அதற்கான இயந்திரம் இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், பணமும் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஒரு தெருவில் இயந்திரம் வருகிறது, இன்னொரு தெருவில் மனிதர் இறக்கப்படுகிறார். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது, 'விஷவாயு தாக்கி இறந்தார்' என்ற வாக்கியத்தைப் படிக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். இறக்கியது யார்? பெரும்பாலான செய்திகளில் அந்த எழுவாய் மட்டும் காணாமல் போயிருக்கும்.